ஷூ போட்ட வேண்டுதல்

எங்கள் தீவில், கராச்சர்மா பஜாருக்குச் சற்றுக் கீழே, பஸ் திரும்புகிற இடத்தில், தகரக் கூரை போட்ட ஒரு ஸ்கூட்டர் பட்டறை இருந்தது. அதை நடத்தியவரை எல்லோரும் மிஸ்திரி என்றுதான் கூப்பிட்டோம். வங்காளிக்கும் மிஸ்திரி, தெலுங்குக்காரருக்கும் மிஸ்திரி, மலையாளிக்கும் மிஸ்திரி. அவர் மனைவிகூட, "மிஸ்திரி இன்னும் சாப்பிட வரல" என்று சொல்லித்தான் நான் கேட்டிருக்கிறேன். அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். கேட்டிருந்தாலும் பொய்ப் பெயரைத்தான் சொல்லியிருப்பார்.

அவர் உண்மை பேச மாட்டார். இது புகார் இல்லை. ஒருவருக்கு இடது கைப் பழக்கம் இருப்பதுபோல அவருக்கு அது இருந்தது. கையில் பரோட்டா வாசம் அடிக்கும். "சாப்பிட்டாச்சா மிஸ்திரி?" என்றால், "எங்க சார், காலையில இருந்து பச்சத்தண்ணி பல்லுல படல" என்பார். இதில் அவருக்கு லாபம் ஒன்றும் கிடையாது. பொய் சொல்கிறவர்கள் பலரும் அவசரப்படுவார்கள், தேவைக்கு மேல் விவரம் சேர்ப்பார்கள், கண்ணை வேறு பக்கம் திருப்புவார்கள். மிஸ்திரி நம் முகத்தையே பார்ப்பார். அந்தப் பார்வையில் நம் மேல் ஒரு பரிதாபம் இருக்கும். நமக்கே நம் மேல் பரிதாபம் வந்து, "சரி பரவால்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவோம்.

ஒரு கான்ட்ராக்டர், தெலுங்குக்காரர், கோபக்காரர், வண்டியை உடனே கொடு என்று வந்து கத்தினார். மிஸ்திரி ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு மெதுவான குரலில், "சாப், உங்க வண்டி சீட்டுக்குள்ள பாம்பு பூந்திருக்கு. ஆள் வரச் சொல்லியிருக்கேன். அதுவரைக்கும் சத்தம் போடாதீங்க" என்றார். கான்ட்ராக்டர் சத்தம் போடாமல் போனார். பிறகு இரண்டு நாள் போனில்தான் விசாரித்தார், அதுவும் தாழ்ந்த குரலில்.

மிஸ்திரியின் பெற்றோர் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்து, நிக்கோபார் பக்கம் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்கள். அந்தத் தோட்டத்து ஜீப்பில்தான் தொழில் படித்ததாகச் சொல்வார். அது உண்மையாக இருக்கலாம். பேச்சில் 'ஏலாது' என்பது மட்டும் அந்த வழியில் மிச்சம் இருந்தது. மற்றபடி எங்கள் எல்லோரையும் போலத் தமிழும் தீவு ஹிந்தியும் கலந்துதான் பேசுவார். ஆள் நல்ல கனம். வயிறு எப்போதும் அவருக்கு ஒரு அடி முன்னால் போகும். நடக்க மாட்டார். நாலு கடை தள்ளி இருக்கிற சேட்டன் டீக்கடைக்குக்கூட யாருடைய ஸ்கூட்டரிலாவது ஏறித்தான் போவார். கேட்டால், "ட்ரையல் பாக்குறேன்" என்பார். பட்டறையில் எந்நேரமும் ஏழெட்டு வண்டி நிற்கும். எல்லாமே ட்ரையல் பார்க்க வேண்டியவை.

இவர் கையில் நான் எப்படி மாட்டினேன் என்பதைச் சொல்வதற்கு முன் என் காலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எனக்கு அரசாங்க ஆபீசில் கணக்குப் பிரிவில் வேலை. உட்கார்ந்தே உத்தியோகம், உட்கார்ந்தே பயணம், உட்கார்ந்தே சாப்பாடு. சுகர் வந்து சில வருடம் ஆகியிருந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு, அதுதான் போட்டாயிற்றே என்று மற்றதையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஊரில், ராமநாதபுரத்தில், என் அண்ணனுக்கு இதே சுகரில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அது நடந்து கொஞ்ச நாளில் டாக்டர் என்னைப் படுக்க வைத்து, கண்ணை மூடச் சொல்லி, நூல் மாதிரி ஏதோ ஒன்றால் என் உள்ளங்காலைத் தொட்டார். "தொடும்போது சொல்லுங்க" என்றார். நான் காத்திருந்தேன். "ஆரம்பிக்கலாம் டாக்டர்" என்றேன். அவர் அதற்குள் பல இடத்தில் தொட்டு முடித்திருந்தார். பக்கத்தில் நின்று என் மனைவி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பாட்டைக் குறைங்க, தினமும் நடங்க. செருப்பில்லாம ஒரு அடி வைக்கக் கூடாது. அடுத்த டெஸ்ட்ல சுகர் இறங்கல்லன்னா உங்க அண்ணனுக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும்" என்றார் டாக்டர். மூடி மறைத்துப் பேசத் தெரியாத மனிதர். வீடு வரும்வரை, ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து மனைவி என் தோளைப் பிடித்திருந்த கை வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தது.

நான் ஆரம்பித்தேன். ஆரம்பிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஷூ வாங்கினேன். அந்த ஷூவை மாட்டிக்கொண்டு, நடப்பதற்காக, ஸ்கூட்டரில் மைதானத்துக்குப் போனேன். அங்கே தெரிந்தவர் ஒருவர் ஸ்கூட்டரில் வந்திருந்தார். இருவரும் வண்டியில் சாய்ந்தபடி உடல்நலம் பற்றி நெடுநேரம் பேசினோம். திரும்பும்போது சமோசா வாங்கி வந்தேன். சாப்பாட்டு விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக இருந்தேன். சோற்றை விட்டுவிட்டுக் கேழ்வரகும் கம்பும் சாப்பிடுவது என்று முடிவு. ஆனால் அவையெல்லாம் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். நல்ல வெள்ளரிக்காய் கப்பலில் வர வேண்டும். கப்பல் வரும்வரை சோறு சாப்பிடுவதைத் தவிர வேறு வழி இல்லை என்று மனைவியிடம் விளக்கினேன்.

"இங்க விளையிற கீரைக்கு என்ன கேடு? பப்பாளிக்கு என்ன கேடு? மீனை வறுக்காமக் கொழம்பு வச்சுத் தின்னா அதுவும் கப்பல்லதான் வரணுமா?" என்றாள்.

"கப்பல் வரட்டும், எல்லாத்தையும் முறையா ஆரம்பிப்போம்" என்றேன்.

அந்த வாரம் ஸ்கூட்டரில் பிரேக் பிடிக்கும்போது ஒரு கீச்சுச் சத்தம் வந்தது. மிஸ்திரியிடம் விட்டேன். "சாயங்காலம் வாங்க" என்றார். சாயங்காலம் போனேன். பிரேக்கில் ஒரு பார்ட்ஸ் போயிருக்கிறது என்றார்.

"போடுங்க."

"இங்க கிடைக்காது சார். மெயின்லேண்ட்ல சொல்லியிருக்கேன். கப்பல்ல வருது."

இதற்கு மேல் யாராலும் ஒன்றும் கேட்க முடியாது. தீவில் கல்யாணப் பத்திரிகை முதல் கத்தரிக்காய் வரை எல்லாவற்றுக்கும் இந்தப் பதில் உண்டு. நான் நடந்து வீட்டுக்குப் போனேன். என் வீடு மேட்டின் மேலே. பட்டறையும் பஸ் ஸ்டாப்பும் கீழே. காலையில் இறங்க வேண்டும், மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பட்டறைக்குப் போய் விசாரித்துவிட்டு ஏற வேண்டும். முதல் நாள் ஏற்றத்தில் பல இடத்தில் நின்று, வேலியில் பூத்திருந்த பூக்களை ரசிப்பதுபோல மூச்சு வாங்கினேன்.

கப்பல் வந்தது. ஓடினேன். "இது பாசஞ்சர் கப்பல் சார். சரக்குக் கப்பல்லதான் வருது" என்றார். சரக்குக் கப்பல் வந்தது. பார்ட்ஸும் வந்துவிட்டதாம், ஆனால் வேறு மாடலுக்கு உள்ளதாம். திருப்பி அனுப்பினார். அடுத்த முறை, "நம்ம பெட்டியை கார் நிக்கோபார் போற கப்பல்ல மாத்தி ஏத்திட்டாங்க சார். அங்க போய் அதுவா ஊரைச் சுத்திப் பாத்துட்டுத் திரும்பி வரணும்" என்றார். "போன்ல சொல்லக் கூடாதா, தினம் இங்க வரணுமா?" என்று கேட்டேன். "போன்ல சொல்ல ஏலாது சார். நேர்ல பாத்தாத்தான் எனக்கும் ஞாபகம் இருக்கும்" என்றார், அந்தப் பரிதாபப் பார்வையோடு.

ஆரம்பத்தில் எனக்குக் கவலை இல்லை. ஏனென்றால் கராச்சர்மாவில் யாரும் யாரையும் நடக்க விட மாட்டார்கள். ஒருவர் நடந்து போனால் பின்னால் வரும் ஸ்கூட்டர் தானாக நின்றுவிடும். "ஆவோ சார், பைட்டோ" என்பார்கள். உட்காராவிட்டால் மனவருத்தம். அந்த முதல் சில நாட்களில் நான் எத்தனை மதத்தார், எத்தனை மொழிக்காரர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து மேடு ஏறினேன் என்று சொல்லி முடியாது.

திடீரென்று ஒரு நாள் எல்லாம் நின்றுபோனது. ஸ்கூட்டர்கள் வரும், என் பக்கத்தில் மெதுவாகும், ஓட்டுகிறவர் என்னைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துத் தலை குனிவார், போய்விடுவார். ஒருவர், இருவர் என்றால் சரி. எல்லோருமே. வீட்டுக்குப் போய்ச் சட்டையை மோந்து பார்த்தேன்.

மறுநாள் சேட்டன் கடையில் உளுந்து வடையும் சர்க்கரை தூக்கலாக ஒரு டீயும் கேட்டேன். சேட்டன் பாலும் சர்க்கரையும் போடாத கட்டன் சாயாவையும் ஒரு தட்டு சுண்டலையும் வைத்தார்.

"வடை?"

"சாருக்கு வடை இல்லா."

கண்ணாடிப் பெட்டி நிறைய வடை இருந்தது. காட்டினேன்.

"வேண்டா சார். எனக்கும் பிள்ளைங்க உண்டு. அந்தப் பாவம் நமக்கு வேண்டா" என்று கைகளைக் கூப்பினார்.

சுண்டலைத் தின்றுவிட்டு வந்தேன். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வங்காளி அம்மா, நாங்கள் பௌதி என்று கூப்பிடுவோம். அவர் வீட்டில் பாயசம் செய்தால் முதல் கிண்ணம் எனக்கு வரும். அன்று பாயசம் கொதிக்கும் வாசனை வந்தது. கிண்ணம் வரவில்லை. வேலி ஓரம் போய் நின்று இருமினேன். பௌதி ஒரு துண்டு பப்பாளியோடு வந்து, "ஆப்கா மன்னத் ஹை நா, மீட்டா கைசே தேகா" என்றார்.

மன்னத் என்றால் வேண்டுதல். வேண்டுதலில் இருப்பவருக்கு இனிப்பு எப்படிக் கொடுப்பது என்கிறார். எனக்கு ஒரு வேண்டுதல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரியும்.

விசாரித்ததில் முழு விவரமும் கிடைத்தது. நான் முருகனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன். வேண்டுதல் நிறைவேறும்வரை எந்த வண்டியிலும் ஏற மாட்டேன். பஸ் மட்டும் விதிவிலக்கு, ஏனென்றால் ஆபீஸ் அரசாங்கக் காரியம். இனிப்பு, எண்ணெய்ப் பலகாரம் தொட மாட்டேன். என்ன வேண்டுதல் என்பதை வெளியே சொல்லக் கூடாது. யாராவது என்னை வண்டியில் ஏற்றினாலோ பலகாரம் கொடுத்தாலோ அந்தக் குற்றம் அவர்கள் குடும்பத்தைச் சேரும். இதையெல்லாம் பஜார் முழுவதும் சொன்னவர் மிஸ்திரி. ஒரே ஒருவர், பூ விற்கிற அம்மா, விவரம் தெரிந்தவர், "ஷூ போட்டுக்கிட்டு என்னய்யா வேண்டுதல்?" என்று மடக்கியிருக்கிறார். மிஸ்திரி அசரவில்லை. "வேண்டுதலே ஷூ போட்டு நடக்குறதுதாம்மா. வெறுங்கால்ல எல்லாரும்தான் நடக்குறாங்க. அதுல என்ன இருக்கு?" என்றாராம்.

ஆபீசில் என் மேலதிகாரி கூப்பிட்டு, மெயின்லேண்டுக்கு டிரான்ஸ்ஃபர் கேட்டா வேண்டுதல், இங்கே உங்களுக்கு என்ன குறை என்று வருத்தத்தோடு கேட்டார். எங்கள் தெருவில் என் மகளின் கல்யாணத்துக்காக என்று பேசிக்கொண்டார்கள். அவள் அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள்.

நான் பட்டறைக்குப் போனேன். அன்று ஏற்றமா இறக்கமா என்றுகூடக் கவனிக்கவில்லை. மிஸ்திரி தரையில் உட்கார்ந்து ஒரு கார்புரேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் எப்போய்யா வேண்டிக்கிட்டேன்?"

"நீங்க வேண்டல சார்" என்றார். "தங்கச்சி வேண்டிக்கிச்சு. நடக்குறது மட்டும்தான் நீங்க."

அவர் தங்கச்சி என்றது என் மனைவியை. வண்டியை விட்ட அன்றே அவள் பட்டறைக்கு வந்திருக்கிறாள். அந்த இடத்தில் நின்று அழுதிருக்கிறாள். "அண்ணே, வண்டிய மட்டும் குடுத்துடாதீங்க. அது கால் சொரணையத்துப் போச்சுண்ணே, அதுக்கே தெரியல" என்று சொல்லியிருக்கிறாள். 'அது' என்பது நான். மிஸ்திரி இதைச் சொல்லும்போது கார்புரேட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அதனால் அது உண்மை என்று எனக்குத் தெரிந்தது.  நான் இளகிவிட்டது வெளியே தெரியக் கூடாது என்பதற்காகவே கோபத்தை அதிகப்படுத்தினேன்.

"வண்டி எங்க?"

அவர் தார்ப்பாயைத் தூக்கினார். என் ஸ்கூட்டர் பளபளவென்று நின்றது. பிரேக் சத்தம் அன்றைக்கே சரியாகிவிட்டதாம், ஒரு சொட்டு எண்ணெயில். சாவியை வாங்கி, ஸ்டார்ட் செய்து, அவர் ஏதோ சொல்ல வாயெடுத்ததைக் கேட்காமல் பஜாருக்குள் ஓட்டினேன். சுதந்திரமாக இருந்தது. சேட்டன் கடை வரைதான் அந்தச் சுதந்திரம்.

டீயைத் தூக்கி ஆற்றிக்கொண்டிருந்த சேட்டனின் கை அப்படியே நின்றது. காய்கறிக் கடையில் நின்ற பௌதி வாயைப் பொத்திக்கொண்டார். பூ விற்கிற அம்மா எழுந்தே விட்டார். "ஐயோ சாரு, இத்தனை நாள் இருந்துட்டு இப்பவா" என்றார். அவர் குரலில் இருந்தது கேலி இல்லை, நிஜமான துக்கம். பஜாரே என் குடும்பத்துக்கு என்ன ஆகப்போகிறதோ என்று என்னைப் பார்த்தது.

வண்டியை நிறுத்தி இறங்கினேன். "ஓட்டல, தள்ளிட்டுப் போறேன். சும்மா இறக்கத்துல காலு தவறி ஏறிட்டேன்" என்றேன். என் வாழ்நாளில் இவ்வளவு மட்டமான பொய்யை நான் சொன்னதில்லை. ஆனால் அவர்கள் நம்ப விரும்பினார்கள். அதன் பிறகு தள்ளித்தானே ஆக வேண்டும். பஜாரிலிருந்து மேட்டின் உச்சி வரை அந்தக் கனத்த ஸ்கூட்டரைத் தள்ளினேன். இரண்டு பையன்கள் உதவிக்கு ஓடி வந்தார்கள். பெரியவர் ஒருவர், வேண்டுதலில் கை வைக்காதே என்று அவர்களை அதட்டித் தடுத்துவிட்டார். வீட்டு வாசலில் என் மனைவி நின்றிருந்தாள். வியர்வையில் குளித்து, பெட்ரோல் நிறைந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் புருஷனைப் பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. டாக்டரைப் பார்த்த நாளுக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்னொரு முறை தள்ளியிருப்பேன், ஆனால் அதை அவளிடம் சொல்லவில்லை.

வண்டி வாசலில் கிடந்தது. நான் நடந்தேன். ஊரே காவல் இருக்கும்போது வேறு என்ன செய்வது? கீரை, பப்பாளி, மீன் குழம்பு, ஒரு கரண்டி சோறு, சேட்டனின் சுண்டல். நாளாக ஆக, மேட்டில் பூக்களை ரசிப்பதற்கு நிற்க வேண்டிய தேவை குறைந்தது. ரசிக்காமலே வீட்டுக்கு வந்துவிடுகிறேனே என்று ஒரு நாள் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அடுத்த டெஸ்டில் சுகர் நன்றாக இறங்கியிருந்தது. டாக்டர் காகிதத்தை இரண்டு முறை பார்த்து, "என்ன செஞ்சீங்க?" என்றார். "ஒண்ணும் செய்ய விடல டாக்டர்" என்றேன். கால் இப்போதைக்குத் தப்பியது, விட்டுவிடாதீர்கள் என்றார். என் மனைவி அந்த அறையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வேண்டுதல் நிறைவேறியதற்குக் கோயிலில் சர்க்கரைப் பொங்கல் வைத்தோம். ஊரே வந்தது. என்ன வேண்டுதல் என்று இப்போதாவது சொல்லலாமே என்று கேட்டார்கள். நான் காலைக் காட்டினேன். யாருக்கும் புரியவில்லை. மிஸ்திரி கோயில் வாசல் வரை யாருடைய வண்டியிலோ வந்து இறங்கினார். இரண்டாவது இலைப் பொங்கலை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் இடது காலில் கட்டு இருந்தது. கட்டின் மேல் கிரீஸ் கறை.

"அது என்ன?"

"ஸ்டாண்டு பட்டிருச்சு சார். நேத்துதான்."

அவர் மனைவி என் மனைவியிடம் வேறு சொன்னார். காயம் ஒரு மாதமாக ஆறவில்லை. மிஸ்திரிக்குச் சுகர் என்னைவிட அதிகம், என்னைவிட நாளும் அதிகம். காயத்தை ஆற்றிவிடலாம், ஆனால் அதன் பிறகும் இப்படியே தின்று இப்படியே உட்கார்ந்திருந்தால் அடுத்த காயத்தில் விரலை எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அப்புறம் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. அதைக் கேட்டதும் எனக்கு என் அண்ணனின் வேட்டி ஒரு பக்கம் மட்டும் தொங்குவது கண் முன் வந்தது.

அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "என்னை நடக்க வச்சீங்களே, நீங்க ஏன் நடக்கல?"

அவர் இலையை மடித்தார். முதல் முறையாக அவர் முகத்தில் அந்தப் பரிதாபம் இல்லை.

"நீங்க சும்மாவா சார் நடந்தீங்க? ஒருத்தன் ஏமாத்தினான், நடந்தீங்க. என்னை யாரு சார் ஏமாத்துறது?"

அவர் சொன்னது நியாயம். ஆனாலும் காயம் ஆறியதும் நான் முயன்றேன். அவர் பெயரில் ஒரு வேண்டுதலைப் பஜாரில் கிளப்பிவிட்டேன். சேட்டன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மிஸ்திரிக்கா? வேண்டுதலா?" என்றார். பொய்யர் என்ற பெயர் அவரை எல்லாப் பொய்யிலிருந்தும் காப்பாற்றியது. அவர் ஸ்கூட்டரை ஒளித்து வைக்கலாம் என்றால் ஊரார் ஸ்கூட்டர் எல்லாம் அவருடையது. டீக்கடை இன்று லீவு என்று சொன்னேன். "அப்படியா சார்" என்று சொல்லிவிட்டு, போனை எடுத்துச் சேட்டனிடம் ரெண்டு பரோட்டா கொடுத்தனுப்பச் சொன்னார். அவர் மனைவி தெருவில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றும் கேட்காமல் நிற்பார். அந்த நிற்பை என்னால் தாங்க முடியவில்லை. எனக்காகவும் ஒருத்தி அப்படிப் போய் ஒரு பட்டறையில் நின்றாளே.

ஒரு நாள் காலையில் ஷூவைப் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் ஏதோ ஒரு பச்சை ஸ்கூட்டரில் உட்கார்ந்து சாவியைத் திருகிக்கொண்டிருந்தார். வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்ததை அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

"மிஸ்திரி, நேத்து மேட்டுல வரும்போது தலை சுத்திருச்சு. இனி தனியா நடக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வீட்டுல சொல்லல, அவ பயந்துருவா. கூட வர ஒரு ஆள் வேணும்."

"எங்கன சுத்திச்சு?"

"பாக்கு மரத்துக்கிட்ட."

"விழுந்துட்டீங்களா?"

"இல்ல. மைல்கல்லுல கொஞ்சம் உக்காந்துட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அந்த ஏற்றத்தில் மைல்கல்லே கிடையாது. பாக்கு மரத்துக்கு அந்தப் பக்கமும் கிடையாது, இந்தப் பக்கமும் கிடையாது. ஊரார் வண்டிகளை ட்ரையல் பார்த்துப் பார்த்து அந்த ரோட்டின் ஒவ்வொரு குழியும் அறிந்த மனிதர் அவர்.

என்னை வெகு நேரம் பார்த்தார். நானும் கண்ணை எடுக்கவில்லை. உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் நகர்ந்தது தெரிந்தது. மிஸ்திரி சாவியை எதிர்ப்பக்கம் திருகினார். வண்டியிலிருந்து இறங்க அவருக்கு நேரம் பிடித்தது.

"தனியா விட ஏலாது சார்" என்றார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, "இந்தா, அந்த ஷூவ எடு" என்றார்.

அவர் மனைவி ஷூவோடு வாசலில் தயாராக நின்றார்.

நாங்கள் மேடு ஏறினோம். முதல் வளைவிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது. பின்னால் ஒரு ஸ்கூட்டர் வந்து மெதுவாகி, "ஆவோ மிஸ்திரி, பைட்டோ" என்றது. அவர் ஓட்டுகிறவனை அந்தப் பரிதாபப் பார்வை பார்த்தார். "நஹி பாய், சாருக்கு ஒடம்பு சரியில்ல" என்றார். பாக்கு மரத்தடியில் நின்றார். தரையைச் சுற்றிலும் ஒரு முறை பார்த்தார். நான் வேறு எங்கோ பார்த்தேன்.  அவர் என் முழங்கைக்கு மேலே கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, தன் முழுக் கனத்தையும் என் மேல் சாய்த்து, "மெதுவா சார், விழுந்துடாதீங்க, நான் புடிச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே உச்சி வரைக்கும் வந்தார்.